ஆறாம் நாள் உபயம்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
17.3.1985

அன்புள்ள அக்கா,

மாமா எழுதியிருந்தார். நம் தோட்டத்துக் காளியம்மன் திருவிழாவுக்கு இந்த வருஷம் நோட்டீஸ் செய்யும் பொறுப்பை என்னிடம் கொடுக்கச் சொல்லி கோயில் கமிட்டியில் பேசி முடித்துவிட்டாராம். செயலாளர் ஆன மறுமாசமே மைத்துனனுக்கு வேலை பிடித்துக் கொடுக்கிறார், பலே ஆள்தான் ரெங்கசாமி மாமா. நான் மாட்டேன் என்று சொல்லமாட்டேன் என்பது அவருக்குத் தெரியும்.

நாள் முழுக்க மேசையில் குனிந்து உட்கார்ந்து அப்படி என்னதான் பண்ணுகிறாய் என்று போன தடவை வந்தபோது கேட்டாய். ஒரு கார்டோ நோட்டீஸோ அச்சுக்குப் போவதற்கு முன்னால் அது எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்து, எழுத்துகளைக் கையால் எழுதி, கத்தியால் வெட்டி அட்டையில் ஒட்டுகிறவன் நான். எது பெரிசு, எது சின்னது, எது எங்கே உட்கார வேண்டும் என்பதெல்லாம் என் பொறுப்பு. டிசைனர் என்பார்கள். ரப்பர் மரத்தில் கோடு போடுகிற கை உனக்கு, தாளில் கோடு போடுகிற கை எனக்கு.

முதல் வேலையிலேயே மூக்கு உடைந்தது. ரவாங்கில் ஒரு கல்யாணக் கார்டு. நடுவில் பெண் பேர், மாப்பிள்ளை பேர், சுற்றி ஒன்றுமே இல்லாமல் விட்டேன். பெண்ணின் அப்பா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெறுந்தாளை வைத்து என்னை ஏமாற்றப் பார்க்கிறாயா என்று கேட்டுவிட்டார். வெற்றிடமும் பேசும் ஐயா என்று சொன்னேன். அது என் முதலாளி அடிக்கடி சொல்கிற வாக்கியம். பெண்ணின் அப்பாவோ மிச்சமிருந்த இடம் பூராவும் மயிலும் வாழைமரமும் போடச் சொன்னார், போட்டுக் கொடுத்தேன். அடுத்தது ஒரு தையல்கடைப் போர்டு. எழுத்தை அத்தனை வளைத்துவிட்டேன், முடி வெட்டிக்கொள்ள ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார்களாம். சிரிக்காதே. இப்படித்தான் தொழில் படிகிறது.

ஆனால் இந்த நோட்டீஸ் அப்படி இருக்காது. எத்தனை வருஷமாக அதே ரோஸ் தாள், அதே பட்டியல்! முதல் நாள் உபயம் இன்னார், இரண்டாம் நாள் இன்னார் என்று மளிகைக் கடைச் சிட்டை மாதிரி மேலிருந்து கீழே. நான் என்ன செய்யப்போகிறேன் தெரியுமா? நடுவில் காளியம்மன். அவளைச் சுற்றி வட்டமாக ஏழு நாள் உபயக்காரர் பெயர்கள். வட்டத்துக்குத் தலையும் கிடையாது வாலும் கிடையாது. யாரும் முதலும் இல்லை, கடைசியும் இல்லை. நம் தோட்டத்தில் எவனும் இப்படி ஒன்றைப் பார்த்திருக்கமாட்டான்.

ஏழு பேரையும் எழுதி அனுப்பச் சொல் மாமாவிடம். நமது ஆறாம் நாளுக்கு வழக்கம்போல அப்பா பேர்தானே? சின்னையா குடும்பத்தார் என்றே போட்டுவிடுகிறேன்.

உன் கருவாட்டுக் குழம்பை நினைத்துக்கொண்டு கடைச் சோறு தின்னும் தம்பி,
உமாபதி


ஆத்துமேட்டுத் தோட்டம், கோலா சிலாங்கூர்
20.5.1985

தம்பி உமாபதிக்கு அக்கா எழுதுவது.

இங்கே யாரும் நலமாக இல்லை, அதனால் அந்த வரியை எழுதவில்லை.

நோட்டீஸ் கட்டு லோரியில் வந்து இறங்கிய அன்றைக்கு எனக்குக் கால் தரையில் படவில்லை. கலர் என்ன, அம்மன் முகத்துக் களை என்ன, எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். கணக்கு எழுதுகிற கிராணி ஒன்றை வாங்கி ஆபீஸ் சுவரில் ஒட்டினார். என் தம்பி செய்தது என்று நானே வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஸ்டோரில் ரப்பர் பால் காய்ச்சுகிற அழகேசன் இருக்கிறானே, அவன் வாய் சும்மா இருக்குமா? கடை வாசலில் நோட்டீஸை விரித்து வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தானாம். "அம்மன் தலைக்கு மேல யாரு? சின்னையா குடும்பம். காலுக்குக் கீழ, மிதிபட்டுக் கிடக்கிற அசுரன் பக்கத்துல யாரு? நம்ம மண்டோருலா!" அதற்கு மேல் யாரும் அந்தப் படத்தில் அம்மனைப் பார்க்கவில்லை. பொழுது சாய்வதற்குள் எங்களை எல்லாம் வேலை வாங்குகிற இருசப்பன் மண்டோருக்கு அசுரன் என்று பேர் வைத்தாயிற்று. மறுநாள் விடிகாலை பெரட்டுக்குப் பேர் கொடுக்க நிற்கும்போது பின்னால் இருந்து யாரோ "அசுரா" என்று குரல் கொடுத்தார்கள். அந்த மனுஷன் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது.

முதல் நாள் உபயம் அவர்கள் வீட்டு உபயம். கோயிலுக்குக் கல் தூக்கி வந்தது அவர் அப்பன், உனக்குத் தெரியாதா? பட்டியலில் மேலே அந்தப் பேர் இருக்கும், கொடியை அவர் கையால் ஏற்றுவார். இந்த வருஷம் முதல் நாள் காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு சபாக்கில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். ஒருத்தர் நாளை இன்னொருத்தர் தொடக்கூடாது. கொடி ஏறவே இல்லை. கொடி ஏறாமல் மற்ற ஆறு நாளும் நடத்தினோம், ஏதோ எழவு வீட்டில் சமைத்துச் சாப்பிட்ட மாதிரி. உன் மாமா கமிட்டிக் கூட்டத்தில் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் திறந்தார்.

திருவிழா முடிந்த மறுநாள் பெரட்டில் நான் பால் வெட்டுகிற நிரையை மாற்றிவிட்டார்கள். இனி எனக்குப் பாயாக் காட்டு ஓரம். சதுப்பில் முட்டிவரை கால் போகிறது. கிழட்டு மரங்கள், வாளி பாதிகூட நிறைவதில்லை. நான் கத்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

ஊர் சொல்வது இதுதான். அப்பா பாலில் தண்ணீர் கலந்தார் என்று சொல்லி, எல்லார் முன்னாலும் அவர் வாளியை இருசப்பன் காலால் எத்தினார். அந்தக் காலுக்குப் பழி வாங்க மகன் பட்டணத்தில் இருந்து நோட்டீஸ் அடித்து அனுப்பிவிட்டான். அப்பா பேர் தலைமேல், அவர் பேர் காலடியில். பார்த்தால் அப்படித்தானே இருக்கிறது? நானும் அந்த நோட்டீஸை நிறைய நேரம் பார்த்தேன்.

நீ தெரிந்து செய்தாயா, தெரியாமல் செய்தாயா? சுற்றி வளைக்காமல் எனக்கு எழுது.

நல்லம்மாள்


பிரிக்பீல்ட்ஸ்
26.5.1985

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அம்மா மேல் ஆணையாகச் சொல்கிறேன், எனக்கு அப்படி ஒரு நினைப்பே இல்லை.

எப்படி ஆனது என்று சொல்கிறேன். மேலே அம்மன் கிரீடம், அதற்கு மேல் கோயில் பேர். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னப் பேருக்குத்தான் இடம். ஏழு பேரில் ரொம்பச் சின்னது சின்னையா குடும்பத்தார். கீழே அசுரன் நீட்டிப் படுத்திருக்கிறான், அவனுக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு வரி போட்டால்தான் படம் ஆடாமல் நிற்கும். ரொம்ப நீளமானது மேல் லயம் மண்டோர் இருசப்பன் குடும்பத்தாரும் பேரப்பிள்ளைகளும். வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். ஒட்டும்போது நான் பேரையே படிக்கவில்லை அக்கா. நீளத்தைத்தான் பார்த்தேன். எந்த டிசைனரும் அப்படித்தான் பார்ப்பான்.

அப்பாவின் வாளி எனக்கு மறக்கவில்லை. மறந்திருந்தால் நான் மனுஷனே இல்லை. ஆனால் பழி வாங்க நினைத்தால் நேராக வந்து வாங்கியிருப்பேன்.

வட்டம் என்றால் எல்லாரும் சமம் என்று நினைத்தேன். நம் ஆட்களுக்கு வட்டத்திலும் மேல் கீழ் தேடத்தான் தெரிகிறது. படம் பார்க்கத் தெரியாதவர்களுக்குப் படம் போட்டது என் தப்பு. அடுத்த தடவை மளிகைச் சிட்டையே போட்டுக் கொடுக்கிறேன்.

நான் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்று மாமா தனியாக எழுதியிருக்கிறார். இப்போது முடியாது. ஒரு பிஸ்கட் கம்பெனி வேலை கழுத்தை நெரிக்கிறது. நீயே சொல்லிவிடு, நீ சொன்னால் கேட்பார்கள்.

உமாபதி


ஆத்துமேடு
16.6.1985

தம்பி உமாபதிக்கு,

நீ வரவில்லை. சரி, என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

மண்டோர் சபாக்கில் இருந்து வந்து கோயிலில் கூட்டம் போடச் சொன்னார். ஆள் வற்றிப்போயிருந்தார். எதையும் உடைக்கவில்லை, யாரையும் வையவில்லை. அந்தப் பையன் வந்து அம்மன் முன்னால் நின்று, தெரியாமல் நடந்தது என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், எனக்கு அது போதும் என்றார். எல்லாரும் உன் மாமாவைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். வேலை அதிகம், வரமாட்டான் என்று எப்படிச் சொல்வார்? பிஸ்கட்டுக்காக வரவில்லை என்றா சொல்வார்?

நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய், அவனுக்குப் பதில் நான் சூடம் அடிக்கிறேன் என்று சொன்னேன். இப்படி ஒரு பொம்பிளை சூடம் அடித்து நம் கோயிலில் யாரும் பார்த்ததில்லை. உன் மாமா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். நீ எழுதியது என் நெஞ்சில் இருந்தது, அம்மா மேல் ஆணை என்று எழுதியிருந்தாய். அம்மா மேல் நீ பொய் சொல்லமாட்டாய்.

பூசாரி தட்டில் சூடத்தைக் கொளுத்தினார். என் தம்பி மனசறிந்து இந்தக் கெடுதலைச் செய்யவில்லை, செய்திருந்தால் இந்தக் கை விளங்காமல் போகட்டும், அம்மா என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். சூடம் முழுசாக அணையவில்லை, ஒரு ஓரம் கையிலேயே ஒட்டிக்கொண்டு எரிந்தது. நான் கையை உதறவில்லை. உதறினால் பயந்துவிட்டாள் என்பார்கள்.

அப்புறம் மண்டோர் எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நல்லம்மா சூடம் அடிச்சிருச்சு. இதுக்கு மேல இந்தப் பேச்சை யாராச்சும் எடுத்தா அவன் எனக்கு விரோதி" என்றார். என்னைப் பார்த்து, "நாளைக்கு உன் பழைய நிரைக்கே போயிரு தாயீ. கை ஆறுற வரைக்கும் கத்தி பிடிக்காத" என்றார்.

அடுத்த நாளில் இருந்து அசுரன் என்ற பேரை யாரும் சொல்லவில்லை. என் ஒரு சொல்லுக்கு இத்தனை மதிப்பா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வருஷா வருஷம் தீச்சட்டி எடுக்கிற கை, அதனால் நம்பினார்கள் என்று நினைக்கிறேன். கொப்புளம் உடைந்துவிட்டது, இடது கையால் எழுதுகிறேன். எழுத்துக் கோணலைப் பார்த்து உன் தொழில் புத்தியைக் காட்டாதே.

லீவு கிடைத்தால் வந்து மண்டோரைப் பார்த்து ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போ. அவர் நம்மை மன்னிக்க வேண்டிய அவசியமே இல்லை, மன்னித்தார்.

அக்கா நல்லம்மாள்


பிரிக்பீல்ட்ஸ்
7.7.1985

அன்புள்ள அக்கா,

சூடமா? நாம் எந்தக் காலத்தில் இருக்கிறோம்? ஒரு நோட்டீஸுக்காகக் கையைச் சுட்டுக்கொள்வதா? படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. யார் உன்னைச் செய்யச் சொன்னது? ஒரு மாசம் பேசிவிட்டு அவர்களாகவே மறந்திருப்பார்கள். சரி, முடிந்தது முடிந்ததாகவே இருக்கட்டும். மருந்து தவறாமல் போடு.

இங்கே எனக்கு நல்ல காலம் வருகிற மாதிரி இருக்கிறது. பெரிய விளம்பர நிறுவனம் ஒன்று ஆள் எடுக்கிறது. சீனரும் வெள்ளைக்காரரும் வேலை செய்கிற இடம். நான் இதுவரை செய்ததை எல்லாம் கொண்டுவந்து காட்டச் சொல்கிறார்கள். கல்யாணக் கார்டையும் பிஸ்கட் டப்பாவையும் காட்டினால் சிரிப்பார்கள். உண்மையைச் சொன்னால் என் கையில் பிறந்ததில் உருப்படியானது அந்தக் காளியம்மன் நோட்டீஸ் ஒன்றுதான். என்னிடம் இருந்தது தொலைந்துபோனது, அச்சகத்திலும் இல்லை. உன்னிடம் ஒன்று இருக்குமே, கசங்காமல் அனுப்பி வை. அவசரம்.

மண்டோருக்கு வணக்கம் சொல்ல வருகிறேன், இந்த வேலை முடிவாகட்டும்.

உமாபதி


ஆத்துமேடு
15.7.1985

தம்பிக்கு,

எல்லா வீட்டிலும் அதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டார்கள். நான்தான் முதலில் போட்டேன். கிராணி ஆபீஸ் சுவரில் ஒன்று மிச்சம் இருந்தது. அவரைக் கேட்டு, தண்ணீர் தொட்டு நனைத்து உரித்தேன். ஒரு மூலை கிழிந்துவிட்டது. இதை என்னத்துக்குச் சுமக்கிறாய் என்று அழகேசன் வழிமறித்துக் கேட்டான். தம்பி ஆசைப்பட்டான் என்று சொன்னேன். அவன் ஒரு மாதிரி பார்த்தான்.

நீ வாங்குகிற வேலைக்கு இது உதவினால் சரி. கை ஆறிவிட்டது, தழும்பு போகாது.

நல்லம்மாள்


ஆத்துமேடு
11.3.1986

உமாபதிக்கு நல்லம்மாள் எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் உன் படம் வந்திருக்கிறது. கழுத்தில் டை. இளைஞர் மன்றத்தில் நீ பேசிய பேச்சை அரைப் பக்கத்துக்குப் போட்டிருக்கிறார்கள். முதல் வேலைகள், கற்ற பாடங்கள் என்று தலைப்பு. ரவாங் கல்யாணக் கார்டு வருகிறது, தையல்கடை வருகிறது. அதெல்லாம் படித்துச் சிரித்தேன். அதற்குக் கீழே நம் நோட்டீஸ் படம். நான் உரிக்கும்போது கிழிந்த மூலைகூட அப்படியே தெரிகிறது.

படத்துக்குக் கீழே நீ சொன்னதை இங்கே எழுதுகிறேன். நீ மறந்திருப்பாய், நான் மனப்பாடம் செய்துவிட்டேன்.

"என் தந்தையின் பால் வாளியை உதைத்த காலுக்கு என் பதில் இது. தோட்டத்து ஆணவத்தை அம்மன் காலடியில், அசுரன் பக்கத்தில் தெரிந்தேதான் வைத்தேன். அவர்கள் கொதித்தார்கள். டிசைன் வெறும் அலங்காரம் அல்ல, ஆயுதம் என்ற பாடத்தை அன்று கற்றேன்."

கைதட்டல் எழுந்தது என்று அடைப்புக்குள் போட்டிருக்கிறார்கள்.

முடி வெட்டுகிற கடையில் அந்தப் பேப்பரை அழகேசன்தான் படித்தானாம். இந்த முறை அவன் சிரிக்கவில்லை. மடித்துக் கொண்டுபோய் மண்டோர் கையில் கொடுத்துவிட்டான்.

மண்டோர் எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்குத் தெரிந்து அவர் எங்கள் வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையில் பேப்பர்.

"ஏம்மா நல்லம்மா, உன் தம்பி செஞ்சிட்டான், சின்னப் பையன், மன்னிச்சிருங்கன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேன்லா" என்றார். "உங்கப்பன் வாளிய நான் எத்தினது தப்புதான். அதுக்கு அவன் என்னைய அசுரன்னு போட்டா போட்டுட்டுப் போறான். நீ எதுக்கும்மா ஆத்தா முன்னால பொய்ச்சூடம் அடிச்ச?"

தம்பி சத்தியமாகத் தெரியாமல்தான் செய்தான் மண்டோரே என்று சொன்னேன். அவர் பேப்பரை நீட்டினார். உன் வாயே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும்போது என் வாய் எதற்கு? அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒரு மாதிரி இரக்கப்பட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்று நான் சுவரில் இருந்து உரித்தேன் இல்லையா, அதையும் இப்போது பேசுகிறார்கள். அக்காளும் தம்பியும் சேர்ந்து செய்த வேலை, இல்லாவிட்டால் அந்தத் தாளை ஏன் பத்திரப்படுத்தி அனுப்புகிறாள் என்று. தண்ணிப்பைப்பில் நான் குடத்தை வைத்தால் பக்கத்தில் இருக்கிற குடம் நகர்கிறது. இராஜம்மா வந்து, இந்த வருஷம் நீ தீச்சட்டி எடுக்க வேண்டாம் என்று பெண்கள் எல்லாம் சொல்கிறார்கள் என்றாள். பொய்ச்சூடம் அடித்த கையில் நெருப்புச் சட்டி ஏந்தினால் தோட்டத்துக்கு ஆகாதாம். அவளும் நானும் ஒன்றாகச் சடங்கானவர்கள். என் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் கதவைப் பார்த்துச் சொன்னாள்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். எனக்கு எழுதியது பொய்யா, பேப்பரில் சொன்னது பொய்யா? அம்மா மேல் ஆணை வைக்க வேண்டாம், அவள் செத்தும் உன்னிடம் படுகிறாள். பதிலை மட்டும் எழுது.

நல்லம்மாள்


கோலாலம்பூர்
23.3.1986

அக்கா,

பேப்பரில் வந்தது பொய். உனக்கு எழுதியதுதான் உண்மை. போதுமா?

எப்படி நடந்தது என்று கேட்டுவிட்டு அப்புறம் திட்டு. புது ஆபீஸில் நேர்முகத்துக்குப் போனபோது அந்த வெள்ளைக்காரர் நோட்டீஸைப் பார்த்து, இந்தக் கீழே இருப்பவன் யார் என்று கேட்டார். மண்டோர் என்றேன். மேலே? என் அப்பா என்றேன். வாளிக் கதையைச் சொன்னேன். தெரிந்து செய்தாயா என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது. வேலையைக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் அந்தக் கதை என்னைக் கேட்காமலே எல்லா இடத்துக்கும் போய்விட்டது. மன்றத்துப் பையன்கள் கேட்டபோது வேறு மாதிரி எப்படிச் சொல்ல முடியும்?

இந்தத் தொழிலில் தெரியாமல் நடந்ததற்கு மதிப்பே கிடையாது அக்கா. வரியின் நீளத்தைப் பார்த்து ஒட்டினேன் என்று சொன்னால், ஓகோ, தற்செயலா என்று கையை விரித்துவிட்டுப் போவார்கள். நினைத்துச் செய்தேன் என்றால்தான் கலைஞன். நான் கற்ற உண்மையான பாடம் இதுதான், இதை மேடையில் சொல்ல முடியாது.

மறுப்பு எழுதிப் பேப்பருக்கு அனுப்பு என்று மாமா எழுதியிருக்கிறார். அனுப்பினால் எனக்கு இங்கே என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது. முதலாளி முகத்தில் எப்படி முழிப்பேன்? தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன் ஒருத்தன் இந்த இடத்துக்கு வந்திருக்கிறேன், அதைக் கெடுத்துக்கொள்ளச் சொல்கிறீர்களா?

எனக்கு ஒரு வழி தோன்றுகிறது. என் தம்பி என்னையும் ஏமாற்றிவிட்டான், எனக்குத் தெரியாது என்று கூட்டத்தில் சொல்லிவிடு. பழி முழுக்க என் மேல் விழட்டும். நான் அங்கே வரப்போவதில்லை, எனக்கு ஒன்றும் ஆகாது. உன் சத்தியம் பொய்யில்லை, நீ ஏமாந்தாய் என்று ஆகிவிடும். எல்லாருக்கும் நல்லது. அப்படியும் சரிவராவிட்டால் நீயும் மாமாவும் இங்கேயே வந்துவிடுங்கள், செந்தூலில் வீடு பார்த்துத் தருகிறேன். அந்தத் தோட்டத்தில் உனக்கு என்னதான் இருக்கிறது?

உமாபதி


ஆத்துமேடு
4.5.1986

உமாபதிக்கு,

உன் யோசனையைப் பல நாள் யோசித்தேன். நன்றாகத்தான் யோசித்திருக்கிறாய், எது எங்கே உட்கார வேண்டும் என்பது உன் தொழில் அல்லவா? உன்னை ஏமாற்றுக்காரன் என்று நான் சொல்ல வேண்டும். அதாவது நீ தெரிந்தேதான் செய்தாய் என்று நானும் சொல்ல வேண்டும். எந்த அம்மன் முன்னால் என் தம்பி தெரியாமல் செய்தான் என்று கையைச் சுட்டுக்கொண்டேனோ, அதே அம்மன் முன்னால். அடித்தது உண்மைச் சூடம். உன் பொய்யைக் காப்பாற்ற அதை நான் பொய்யாக்க வேண்டும். மாட்டேன்.

நான் அடித்தது உண்மை என்பது உன் மாமாவை விட்டால் மூன்று பேருக்குத்தான் தெரியும். உனக்கு, எனக்கு, அம்மனுக்கு. அம்மன் வாயைத் திறக்கமாட்டாள். நீயும் திறக்கமாட்டாய். நான் திறந்தால் யாரும் நம்புவதில்லை.

பேப்பரில் வந்தது பொய் என்று நீ எழுதிய கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டலாம் என்று உன் மாமா சொன்னார். நான்தான் தடுத்தேன். அக்காளும் தம்பியும் பேசி வைத்து எழுதியது என்பார்கள். உண்மையைச் சொல்கிறேன், அது மட்டும் காரணம் இல்லை. வெள்ளைக்காரர் கேட்டபோது இல்லை என்று சொல்லவில்லை என்று நீ எழுதியிருக்கிற அந்த இடத்தை ஊர் கேட்க வேண்டாம் என்று இருந்தது. அதுவும் என் முட்டாள்தனம். உன்னைத் தூக்கி வளர்த்த கை, பழக்கம் போகவில்லை. கடிதத்தை எரித்துவிட்டேன்.

உன் மாமா செயலாளர் வேலையை விட்டுவிட்டார். விட்டார் என்று எழுதுகிறேன், அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று நீ படித்துக்கொள். பெரட்டில் என்னைப் பாயாக் காட்டுக்கு யாரும் அனுப்பவில்லை. மண்டோர் என் நிரையைத் தொடவில்லை. அனுப்பியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருக்கிறது. பொய்க்காரிக்கும் இரக்கம் காட்டுகிறாரே என்று ஊர் அவரை மெச்சுகிறது.

தோட்டத்தில் எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டாய். ஒரு சொல் இருந்தது. நல்லம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்பார்கள். சீனன் கடையிலும் சரி, பிரசவ வீட்டிலும் சரி, இரண்டு பொம்பிளைகள் சண்டை போட்டாலும் சரி, நல்லம்மாவைக் கேளு என்பார்கள். பால் வெட்டுகிறவளுக்கு வேறு என்ன சொத்து வரும்? அதை எடுத்துக்கொண்டு போய்த்தான் நீ மேடையில் கைதட்டு வாங்கினாய். செந்தூலில் வீடு பார்த்துக் கொடுத்தால் அந்தச் சொல் அங்கே வாடகைக்குக் கிடைக்குமா?

இந்த வருஷ நோட்டீஸை டவுனில் பழைய அச்சகத்திலேயே அடித்துவிட்டார்கள். இத்துடன் ஒன்று வைத்திருக்கிறேன். அதே ரோஸ் தாள், மேலிருந்து கீழே அதே பட்டியல். முதல் நாள் இருசப்பன் வீடு. கொடி ஏறிவிட்டது, தோட்டம் முழுக்கப் போயிருந்தது. நாங்கள் வீட்டுக்குள் இருந்து மேளம் கேட்டோம்.

ஆறாம் நாளைப் பார். நம் உபயத்தை வாங்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஒருத்தர் நாளை இன்னொருத்தர் தொடக்கூடாது, அதனால் வேறு யாருக்கும் கொடுக்கவும் இல்லை. அச்சகக்காரர் அந்த வரியையே எடுத்துவிடலாம் என்றாராம். நாள் இருக்கட்டும், பேரை மட்டும் எடு என்று மண்டோர் சொல்லியிருக்கிறார். ஆறாம் நாள் உபயம் என்று இருக்கிறது, அதற்கு எதிரே ஒன்றும் இல்லை. அப்பா செத்து இத்தனை வருஷமும் அந்த இடத்தில் இருந்த பேர் அது. வாளியை எத்தினபோதுகூட இருசப்பன் அந்தப் பேரை அங்கிருந்து எடுக்கவில்லை. அப்பாவுக்காகப் பழி வாங்கினதாக மேடையில் சொல்லி நீ எடுத்துவிட்டாய்.

வெற்றிடமும் பேசும் என்று ஒரு தடவை எழுதியிருந்தாய். அன்று எனக்குப் புரியவில்லை. இங்கே எல்லாரும் அதைப் படித்துவிட்டார்கள், நீயும் படித்துக்கொள்.

நல்லம்மாள்